மூன்று நாள் தவணை

‘பிழைக்கிறது பிழைக்கும்’ என்கிற வாக்கியத்தை உசிலம்பட்டிப் பக்கத்தில் அடிக்கடி கேட்கலாம். மழை பொய்த்த பயிரைப் பற்றி, ஈன்ற அன்றே தலை தொங்கிப்போன வெள்ளாட்டுக்குட்டியைப் பற்றி, ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தும் எழுந்து நிற்கமாட்டாத கோழிக்குஞ்சைப் பற்றி, எல்லாவற்றுக்கும் இதே இரண்டு சொற்கள்தாம். கேட்பதற்கு ஞானியின் வாக்குப் போல இருக்கிறது. விதியோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போன ஜனங்களின் நிதானம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படிச் சொல்லிவிட முடியவில்லை. அது ஒரு தீர்ப்பு. தீர்ப்பு என்று தன்னைக் காட்டிக்கொள்ளாத தீர்ப்பு. சொல்கிறவர் எதுவும் செய்யாமல் ஒதுங்கி நிற்பதாகப் பாவனை செய்துகொண்டே ஒன்றைச் செய்து முடித்துவிடுகிறார். இந்தப் பாவனையைப் பார்ப்பதற்கு நான் எடுத்துக்கொள்வது கோழிக்குஞ்சின் கால். விஷயம் அற்பமானதுதான். பெரிய விஷயங்களில் நம் எல்லோரிடமும் தயாரான அபிப்பிராயங்கள் இருக்கின்றன. அற்ப விஷயங்களில்தான், அபிப்பிராயம் இறுகுவதற்கு முன்னால், யோசனை நடந்துகொண்டிருக்கும்போதே அதைக் கையும் களவுமாகப் பிடிக்க முடிகிறது.

அடை வைத்த 21-ம் நாள் குஞ்சு வெளிவருகிறது. முதல் சில மணி நேரத்துக்கு எந்தக் குஞ்சும் நொண்டிதான். ஈரம் காய வேண்டும். கால் தரையில் ஊன்றிப் பழக வேண்டும். அந்த நேரத்தில் பிடிமானம் கிடைக்காவிட்டால் இரண்டு கால்களும் இரண்டு பக்கமும் சறுக்கி விரிந்துபோகின்றன. குஞ்சு வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு துடுப்புப் போடுகிறது. தசையும் தசைநாணும் இளசாக இருப்பதால் அந்த விரிப்பே சில நாட்களில் நிலைத்துவிடுகிறது. அதே இளசுத்தன்மையால்தான் அதைத் திருத்தவும் முடிகிறது. இரு கால்களையும் இயல்பான இடைவெளி விட்டுச் சேர்த்துக் கட்டி, சாக்கு போன்ற சொரசொரப்பான இடத்தில் விட்டால், சீக்கிரம் கவனிக்கப்பட்ட குஞ்சுகளில் பலவும் இரண்டு மூன்று நாளில் நடக்கத் தொடங்குகின்றன. நாள் கடந்துவிட்டால் கட்டிப் பயனில்லை.

நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அவர் இதைச் செய்யப் பார்த்திருக்கிறேன். பழைய சேலைக் கிழிசலில் விரற்கடை அகலத்துக்கு ஒரு கீற்று. குஞ்சை இடது கையில் மல்லாத்திப் பிடித்து, இரண்டு காலையும் சுற்றி நடுவில் ஒரு முடிச்சு. பிறகு குஞ்சை ஒரு டம்ளருக்குள் இறக்கிவிடுவார். கால்கள் உடம்புக்குக் கீழேயே நின்றாக வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துச் சாக்கில் விடுவார். தண்ணீர்க் கிண்ணத்தில் நாலு கூழாங்கல், குப்புற விழுந்தாலும் மூழ்கிவிடாதபடிக்கு. காலையும் மாலையும் கட்டை அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டுவார். ‘பொழைக்குமா?’ என்று ஒரு தடவை கேட்டேன். ‘பொழைக்கிறது பொழைக்கும் தம்பி. மூணு நாளு பாப்போம்’ என்றார், முடிச்சைப் போட்டுக்கொண்டே. அந்த முறை கால் விரிந்தவை மூன்று. இரண்டு நடந்தன. ஒன்று நான்காம் நாள் செத்தது. அதை எருக்குழி ஓரத்தில் புதைத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டார். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் பிரச்னையே இங்கேதான் தொடங்குகிறது. அவர் சொன்னதும் அதே வாக்கியம். கட்டிக்கொண்டே சொல்லும்போது அது ஒரு பொருளும், கட்டாமலிருப்பதற்காகச் சொல்லும்போது வேறொரு பொருளும் கொள்கிறது. இந்த வித்தியாசம் என்ன?

‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்பது கட்டாதவர்களின் முதல் வாதம். வலுவற்றதைக் கழிப்பது இயற்கையின் வேலை, நாம் யார் குறுக்கே நிற்க என்பார்கள். ஆனால் குஞ்சின் கால் ஏன் விரிந்தது என்று கேட்டுப்பார்த்தால் இயற்கை அங்கே அவ்வளவாக இல்லை. மிகச் சாதாரணமான காரணம், அட்டைப்பெட்டியில் விரித்த செய்தித்தாள். வழவழப்பான காகிதத்தில் குஞ்சு நிற்க முடிவதில்லை (செய்தித்தாளின் மேல் ஊன்றி நிற்க முடியாதது குஞ்சு மட்டுமல்ல என்பது வேறு விஷயம்). வைக்கோல் போட்ட கூடையில் அடைக்கோழிக்குக் கீழே பொரிக்கிற குஞ்சுக்கு இந்தத் தொல்லை குறைவு. இன்குபேட்டரில் சூடோ ஈரப்பதமோ தவறினாலும் கால் கோணுகிறது. விரல்கள் உள்ளே சுருண்டுகொள்வது வேறு நோய். தாய்க்கோழியின் தீனியில் ரைபோஃப்ளேவின் என்கிற வைட்டமின் பற்றாமற்போனால் வருவது. மூட்டில் தசைநாண் நழுவிப்போவது மாங்கனீசு, கோலின் போன்ற சத்துகளின் குறையோடு சம்பந்தப்பட்டது. அதற்குக் கட்டு உதவுவது அபூர்வம். மேரக்ஸ் என்கிற வைரஸ் நோயில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக இழுத்துக்கொள்ளும். அது சில வாரங்கள் கழித்து வருவது, கட்டினால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆக, நொண்டிக் குஞ்சு என்று ஒரு ஜாதி கிடையாது. பல காரணங்கள், பல கதிகள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பது குனிந்து பார்க்காமலிருக்க நாம் செய்துகொண்ட சௌகரியம். இவற்றில் பெரும்பாலானவற்றில் மனிதக் கை ஏற்கெனவே நுழைந்திருக்கிறது. நம் கை செய்ததை இயற்கையின் கணக்கில் பற்று எழுதுவது என் தொழிலில் மோசடி எனப்படும்.

இது தனிவீட்டு விவகாரம் என்று தள்ளவும் முடியாது. நாமக்கல்லில் முட்டைக்கோழி, பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கம் கறிக்கோழி என்று தமிழ்நாட்டில் இது பெருந்தொழில். கறிக்கோழியின் காலைப் பற்றிப் புரிந்துகொள்ள இரண்டு எண்கள் போதும். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2014-ல் வெளியிட்ட ஓர் ஒப்பீட்டில், 1957-ம் வருஷத்து இனக் கோழியையும் 2005-ம் வருஷத்து இனக் கோழியையும் ஒரே தீனி கொடுத்து வளர்த்தார்கள். 56-ம் நாள் முதலாவது 905 கிராம். இரண்டாவது 4,202 கிராம். உடம்பு நாலு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது; அதைச் சுமக்கிற கால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 2000-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனை இன்னும் துல்லியமானது. கறிக்கோழிகளுக்கு இரண்டு நிறத் தீனி வைத்தார்கள். ஒன்றில் கார்ப்ரோஃபென் என்கிற வலிநிவாரணி கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் நன்றாக நடக்கும் கோழிகளைவிட மருந்து கலந்த தீனியை அதிகம் தேர்ந்தெடுத்தன; நொண்டல் கூடக் கூட உட்கொண்ட மருந்தும் கூடியது. கோழிக்கு வலிக்குமா என்று தத்துவவாதிகள் விவாதித்துக்கொண்டிருந்த காலம் நீண்டது. கோழி தன் அலகால் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது வாதம் கணக்கு. வங்கியில் எழுத்தனாக இருப்பதால் இந்த வாதத்தை அதன் சொந்த வீட்டிலேயே பார்க்க வாய்த்தது. கோழிப்பண்ணைக் கடனுக்கு வரும் திட்ட அறிக்கைகளில் குஞ்சு விலை, தீனி, மருந்து, கூலி, மின்சாரம் என்று வரிசையாக வந்து, ஓரிடத்தில் ‘இறப்பு’ என்று ஒரு வரி வரும். அநேகமாக 5 சதவீதம். 1,000 குஞ்சில் 50 சாகும் என்பது முதல் குஞ்சு வண்டியிலிருந்து இறங்குமுன்பே எழுதியாகிவிடுகிறது. இதில் குரூரம் எதுவும் இல்லை. அனுபவத்திலிருந்து பெற்ற எண், அதைப் போடாத அறிக்கைதான் பொய்யறிக்கை. ஆனால் அந்த எண் தாளிலிருந்து எழுந்து கொட்டகைக்குள் நடக்கத் தொடங்கும்போது அதன் சுபாவம் மாறிவிடுகிறது. கால் விரிந்த குஞ்சு கண்ணில் படும்போது அது ஒரு குஞ்சாகத் தெரிவதில்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட 50-ல் ஒன்றாகத் தெரிகிறது. அதன் சாவுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. கட்டுப் போடுகிற ஐந்து நிமிஷக் கூலி, குஞ்சின் விலையோடு ஒப்பிட்டால் நஷ்டம். கணக்கு சரியாகவே இருக்கிறது. எத்தனை சாகும் என்று சொல்வதற்குத்தான் கணக்குக்கு அதிகாரம் உண்டு. எது சாக வேண்டும் என்று சொல்ல அதற்கு அதிகாரம் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் ஓர் உடலியல் விவரம் முக்கியம். குஞ்சு வெளிவரும் சமயத்தில் முட்டையின் மஞ்சள் கருவில் மிஞ்சியிருப்பதை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்து இரண்டு மூன்று நாள் தீனியின்றித் தாக்குப்பிடிக்க அதனால் முடியும். முதலில் பொரித்த குஞ்சு, கடைசி முட்டை பொரிக்கும்வரை தாய்க்கோழியின் அடியில் காத்திருப்பது இதனால்தான். எழுந்து நடந்து இரைக்குப் போகமுடியாத குஞ்சு உடனே செத்துவிடாமலிருப்பதும் இதனால்தான். குஞ்சு தன் தவணையைத் தன் வயிற்றிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. இதே மூன்று நாளை வியாபாரம் வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டது: பிறந்த அன்றே குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து, இரை வைக்காமல், ஊர் விட்டு ஊர் அனுப்புவது சாத்தியமானது இந்த மஞ்சள் கருவால்தான். ஒரே அவகாசம். ஒருவர் அதில் கட்டுப் போட்டுப் பார்க்கிறார். இன்னொருவர் அதில் சரக்கு அனுப்புகிறார். இயற்கையிலிருந்து நேராக ஒரு நீதியையும் உருவிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது வாதம்தான் கடினமானது: நாளைக்கு அறுக்கப் போகிற கோழிக்கு இன்றைக்கு எதற்குக் கட்டு? கறிக்கோ, கருப்பசாமிக்கோ, சேவலானால் கட்டுச்சேவல் சண்டைக்கோ போகப் போவதுதானே? கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ம் வருஷத்துச் சட்டத்தைத் தமிழக அரசு 2003-ல் முனைந்து அமல்படுத்தப் புறப்பட்டபோது எழுந்த சச்சரவுகள் நினைவிருக்கலாம். 2004-ல் அந்தச் சட்டமே விலக்கப்பட்டது. அப்போது நடந்த வாதங்களில் காதில் விழுந்தவையெல்லாம் கோழி சாகும் நிமிஷத்தைப் பற்றியவை. அது வாழும் நாட்களைப் பற்றிய பேச்சு என் காதில் விழவில்லை. சாவைக் கொண்டு நாட்களை மதிப்பிடுவது வினோதமான தர்க்கம். அப்படிப் பார்த்தால் நம்மில் யாருக்கும் பல் பிடுங்கிக்கொள்ளக்கூட நியாயம் இருக்காது. ஆறு மாசம் கழித்து அறுபடப் போகிற கோழிக்கு அந்த ஆறு மாசம்தான் முழு ஆயுசு. குப்பையைக் கிளறவும், மண்ணில் புரளவும், பருந்து நிழலுக்கு ஓடி ஒளியவும் அதற்குக் கால் வேண்டும். இந்தக் கட்டுரை கறி தின்பதற்கு நியாயம் சொல்லவில்லை. அது தனியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அந்தப் பதில் எதுவானாலும் இந்தக் கட்டு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, கட்டுப் போடுவதற்கு நியாயம் எங்கிருந்து வருகிறது? படித்தவர்களிடமிருந்து கிடைக்கிற பதில் பெரும்பாலும் காண்ட் தன் அறவியல் வகுப்புகளில் சொன்னதன் ஏதோ ஒரு வடிவம்தான்: மிருகத்துக்கு நேராக நாம் கடமைப்பட்டிருக்கவில்லை, ஆனால் மிருகத்திடம் கொடுமை பழகியவன் மனிதனிடமும் கொடுமை செய்வான், ஆகையால் மனிதனுக்காகவே மிருகத்திடம் அன்பாயிருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வசதியான வாதம். இதை மறுப்பதற்கு நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டாம். பழனி மலை வரை போனால் போதும். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் அந்த மலைநாட்டுக்காரன். மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணி அவன் கொடுத்ததை நாம் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டாடி வருகிறோம். புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாட்டுகள் அதே பேகனைப் பற்றியவை. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நாலு புலவர்கள் அவனிடம் போய், உன் வீட்டில் கண்ணகி அழுதுகொண்டிருக்கிறாள், பரிசிலாக எங்களுக்கு வேறெதுவும் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ என்று இரக்கிறார்கள். மயிலின் சிலிர்ப்பைக் குளிர் என்று வாசித்த மனசுக்கு மனைவியின் அழுகை எட்டவில்லை. பறவையிடம் பழகிய இரக்கம் பெண்ணுக்கு மாற்றிக் கொடுக்கப்படும் காசோலை அன்று. கொடைமடம் என்று தமிழில் இதற்கொரு பெயர் உண்டு. அதில் இருக்கிற மடம் என்ற பாதியை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

ஆக, குஞ்சுக்குக் கட்டுப் போட்டால் நான் நல்லவனாவேன் என்பது காரணமாகாது. காரணம் குஞ்சிடமிருந்துதான் வர வேண்டும். பேகன் கொடுத்தான், ஆனால் மயிலைப் பார்க்கவில்லை. பார்த்தது தன் இரக்கத்தை. இதே தவறு குஞ்சுகளிடமும் நடக்கிறது. ஓட்டை மூக்கால் கொத்தி ஓட்டை போட்டுவிட்டு மணிக்கணக்காக ஓய்ந்து கிடக்கும் குஞ்சைப் பார்த்துப் பொறுக்காமல் ஓட்டைப் பிய்த்து வெளியே எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. உள்ளே சவ்வின் ரத்தக் குழாய்கள் இன்னும் வற்றியிருக்காது. மஞ்சள் கரு உள்ளே போய் முடிந்திருக்காது. இரக்கத்தால் இழுத்த குஞ்சு ரத்தம் கசிந்து சாகிறது. அங்கே உதவி என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பது. கால் விரிந்த குஞ்சிடமோ சும்மா இருப்பதுதான் கேடு. எது எப்போது என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. அந்தக் குஞ்சைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

சும்மா இருப்பதை ஓர் அறமாகவே உயர்த்தியவர்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கு வரும் சாலையில் கீழக்குயில்குடிச் சமணமலையைக் கடக்க வேண்டும். விக்கிரமங்கலத்தில் தமிழி எழுத்துகளோடு கற்படுக்கைகள் இருக்கின்றன. கொல்லாமையை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர்கள் படுத்த கல். சமணத்தின் உள்ளேயே பிற்காலத்தில், 1760-ல் ராஜஸ்தானத்தில் தேராபந்த் மார்க்கத்தைத் தொடங்கிய ஆசாரிய பிக்ஷு, இதன் தர்க்கத்தை இன்னும் கூர்மையாக்கினார்: பூனையிடமிருந்து எலியைக் காப்பாற்றுவது லௌகிகமான இரக்கம், அது ஆன்மிக தர்மம் ஆகாது, நான் ஹிம்சை செய்யாதிருப்பதே தர்மம். அலட்சியமாகத் தள்ளக்கூடிய வாதம் இல்லை இது. உதவி என்ற பெயரில் உலகத்தைத் திருத்தக் கிளம்பியவர்கள் செய்த ஹிம்சைக்குக் கணக்கில்லை. ஆனால் இந்த நிலை தூயவனுக்கே பொருந்தும். முட்டையை எடுத்தவனுக்கு, இன்குபேட்டரில் வைத்தவனுக்கு, செய்தித்தாளை விரித்தவனுக்குப் பொருந்தாது. காட்டில் பூனைக்கும் எலிக்கும் நடுவே நான் இல்லை. அட்டைப்பெட்டியில் நான் இருக்கிறேன். தலையிடாமை என்பது தலையிட்ட பிறகு எடுத்துக்கொள்ளக்கூடிய விரதம் அன்று.

மறுமுனையில் காந்தி நிற்கிறார். 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று ஊனமுற்று, புரண்டு படுக்கவும் முடியாத வேதனையில் கிடந்தது. வைத்தியம் பார்த்தார்கள், பணிவிடை செய்தார்கள். இனிச் செய்வதற்கில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, ஆசிரமத்தாரோடு கலந்துபேசி, ஊசி போட்டு அதன் உயிரைப் போக்கச் செய்தார். அதைத் தன் பத்திரிகைகளில் தானே எழுதினார். கோபமான கடிதங்கள் குவிந்தன. மனிதனுக்கும் இதைச் செய்வீர்களா என்ற கேள்விக்கு, அதே நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். நோய் தீராததாகவும், எந்த உதவிக்கும் பணிவிடைக்கும் அப்பாற்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளோடு.

உசிலம்பட்டியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவன் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. 1986 ஜூனில் ‘இந்தியா டுடே’ இந்த வட்டாரத்துப் பெண்சிசுக் கொலையைப் பற்றி எழுதியதிலிருந்து இந்த ஊரின் பெயர் ஊர்ப்பெயராக இருப்பது நின்று ஓர் உதாரணமாகிவிட்டது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கிப் பிறகு மதுரை உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் வந்தது. 1994-ல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ வந்தது. வெளியிலிருந்து வருகிறவர்கள் இந்த ஊரைப் பார்க்காமலே ஊரின் கதையோடு திரும்பிப் போவது இங்குள்ளவர்களுக்கு எரிச்சல் தருவதில் நியாயம் உண்டு. வட இந்தியாவில் இதைத் தடுக்க 1870-லேயே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. இது ஒரு ஊரின், ஒரு ஜாதியின் தனிச்சொத்து இல்லை. அதனாலேயே நடந்தது நடக்கவில்லை என்றாகிவிடாது.

கோழிக்குஞ்சையும் பெண்குழந்தையையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். நான் ஒப்பிடுவது வாக்கியங்களை. ‘வளர்த்து என்ன ஆகப்போகிறது’ என்பது இரண்டு இடத்திலும் சொல்லப்படுகிற வாக்கியம். கணக்கின் குரலும் அங்கே இருந்தது: வரதட்சணை, சீர், நிலம். அதைவிட நெஞ்சை உறுத்துவது, கருணையின் குரலும் அங்கே இருந்தது என்பது. தான் பட்ட பாட்டை இவளும் பட வேண்டாம் என்று தாய்மார்கள் சொன்னதாகப் பதிவுகள் இருக்கின்றன. அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பின்னால் ஸ்கேன் வந்தது. தீர்ப்பு பிறப்புக்கும் முன்னால் நகர்ந்தது. அதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. கோழித் தொழிலிலும் இதுவே நடந்திருக்கிறது. முட்டைக்கோழி இனத்தில் சேவல் குஞ்சு எதற்கும் ஆகாது. நம் சந்தைகளில் சாயம் தோய்த்துக் குழந்தைகளுக்கு விற்கப்படும் குஞ்சுகள் அவைதான். ஜெர்மனியில் 2022 ஜனவரி 1 முதல் சேவல் குஞ்சுகளைக் கொல்வதைத் தடைசெய்தார்கள். முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கிற கருவிகள் பரவின. கோழியில் ஆண் வேண்டாம், மனிதனில் பெண் வேண்டாம். கணக்குக்கு எதுவும் வித்தியாசமில்லை.

காந்தியின் கருணையையும் அந்தத் தாயின் கருணையையும் பிரிப்பது எது? உணர்ச்சியின் தரம் இல்லை. இரண்டிலும் கண்ணீர் உண்மையானதாக இருக்கலாம். பிரிப்பது வரிசை. ஆசிரமத்தில் பணிவிடை முன்னாலும் தீர்ப்பு பின்னாலும் வந்தன. ‘எந்தப் பணிவிடைக்கும் அப்பாற்பட்டது’ என்று பணிவிடை செய்து பார்த்தவன்தான் சொல்ல முடியும். மற்றவன் சொன்னால் அது வெறும் அனுமானம். குடிசையில் தீர்ப்பு முன்னால் வந்துவிட்டது. அந்தத் தாய்க்கு மூன்று நாள் தவணை கொடுக்க யாரும் அங்கே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தவணை கொடுக்க வேண்டியவர்கள் கடன்காரர்களாகவும் சம்பந்திகளாகவும் புருஷர்களாகவும் சுற்றி நின்றார்கள்.

எனக்குப் படுவது இதுதான். உதவலாமா கூடாதா என்பதைவிட, இது பிழைக்காது என்று சொல்லும் உரிமை யாருக்கு என்று கேட்பது நேரான கேள்வி. கட்டுப் போட்டு, அவிழ்த்துப் பார்த்து, மறுபடி கட்டியவருக்கு அந்த உரிமை உண்டு. நழுவிப்போன தசைநாணைத் தடவிப் பார்த்து, வீக்கம் கண்டு, இதற்கு மேல் வலிதான் மிச்சம் என்று தெரிந்தவர் அதன் வேதனையை முடித்துவைத்தால் அவரை நான் குறை சொல்லமாட்டேன். 5 சதவீதத்துக்கு அந்த உரிமை இல்லை. இயற்கையின் பெயரைச் சொல்லிக்கொண்டு தூர நிற்பவருக்கும் இல்லை. தன் இரக்கத்தைப் போர்வையாக எறிந்துவிட்டுத் தேரில் ஏறிப் போகிறவனுக்கும் இல்லை. (முதல் தொகுப்பைப் புரட்டிய கையோடு ஒருவனைப் புதைத்துவிடுகிற நம் விமர்சகர்களுக்கும் இது பொருந்தாமலில்லை, அதை இங்கே நீட்டப்போவதில்லை.)

இதில் ஒரு கஷ்டம் மிஞ்சுகிறது. 5,000 குஞ்சு இறங்குகிற கொட்டகையில் ஒருவர் குனிந்து பார்க்க முடியாது. முடியாது என்பது உண்மை. முடியாத அளவுக்குக் கொட்டகையை யார் பெரிதாக்கினார்கள் என்பதும் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மூடிவிடுவது இன்றைய ஸ்தாபனங்கள் எல்லாவற்றின் வழக்கம், ஆஸ்பத்திரியிலிருந்து வங்கிவரை. ஒவ்வொன்றையும் பார்க்க முடியாத இடத்தில் ஒன்றைப் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்பார்கள். பார்க்கப்பட்ட அந்த ஒன்றுக்குப் பயன் உண்டு. அது நடக்கிறது, அல்லது நான்காம் நாள் சாகிறது.

தவணை கொடுத்ததால் கடன் தீர்ந்துவிடுவதில்லை. கட்டிய குஞ்சும் சாகலாம். நடந்த குஞ்சைக் கீரி கொண்டுபோகலாம். மூன்று நாள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, ‘பிழைக்கிறது பிழைக்கும்’ என்று அதற்குப் பிறகு சொல்லலாம். அப்போதுதான் அந்த வாக்கியம் உண்மையாகிறது.